கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

சென்ற பதிவில் மின்சாரக் கார்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "நியூசிலாந்தில் ஓட்டுகிற தூரத்துக்கு வரி வாங்குகிறார்களாமே ஐயா, அது நியாயமா? அதற்காக நாம் போகிற இடத்தையெல்லாம் அரசாங்கம் கண்காணிக்காதா?"

பலரையும் அச்சுறுத்துவது இரண்டாவது கேள்விதான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டில் டீசல் வண்டிகளுக்கு 1978 முதல் இந்த வரி இருக்கிறது. உரிமையாளர் ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக முன்பணம் கட்டி வாங்கிக்கொள்கிறார். பணம் கட்டியதும் கிடைக்கும் சிறிய சீட்டில், வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் எந்த எண் முதல் எந்த எண் வரை ஓட்டலாம் என்று அச்சிட்டிருக்கும். அதை முன்கண்ணாடியில் வைப்பதே இதுநாள்வரை இருந்துவந்த வழக்கம். சீட்டு 47,000 வரை என்று சொல்ல, ஓடோமீட்டர் 48,000 காட்டினால், பாக்கி இருப்பது தெரிந்துவிடும். தகுதிச் சோதனைக்கு வண்டி வரும்போதும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். சாதாரணக் காருக்கு வேண்டியது இவ்வளவுதான். வண்டி எந்த ஊருக்குப் போனது என்று கேட்கவேண்டிய தேவையே எழுவதில்லை.

இனி நியாயத்துக்கு வருவோம். அங்கே பெட்ரோல் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் அல்லாமல், பெட்ரோல் விலையோடு சேர்த்தே வரி கட்டுகின்றன. அந்த வரி லிட்டருக்குச் சுமார் 70 சென்ட் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் பழைய கார் ஆயிரம் கிலோமீட்டருக்கு 70 டாலரும், நான்கு லிட்டரில் அதே தூரம் போகும் புதிய ஹைபிரிட் கார் 28 டாலரும் தருகின்றன. மின்சாரக் காரோ 2024 மார்ச் இறுதிவரை விலக்குப் பெற்றிருந்ததால் ஒன்றுமே தரவில்லை. மூன்றும் ஓடுவது ஒரே சாலையில்தான். புதிய கார் வாங்க வசதியில்லாதவர், வசதியுள்ளவரின் பங்கையும் சேர்த்துச் சுமந்த இந்த நிலை எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. 2024 ஏப்ரல் முதல், 3.5 டன்னுக்கு மேற்படாத டீசல் காருக்குரிய அதே 76 டாலரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மின்சாரக் காரும் கட்டவேண்டும் என்று ஆக்கியது சரியான முடிவு.

தொலைவில் வசிப்பவருக்கு இது சுமையாகாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். சுமைதான், ஆனால் எரிபொருள் வரியிலும் அவர் தூரத்துக்கேற்பத்தான் கட்டிவந்தார். பொதுச் சாலைக்கு வெளியே ஓடிய தூரத்துக்குப் பணத்தைத் திரும்பப் பெறவும் வழியிருக்கிறது.

எடையின் பங்கையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளை ஓட்டிப் பார்த்ததில், சக்கரங்களை இணைக்கும் ஓர் அச்சின் மீதான பாரம் இரட்டிப்பானால் சாலைத் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று தெரியவந்தது. ஆகவேதான் நியூசிலாந்தில் கனரக வண்டிகளுக்கு எடையையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் பார்த்து வீதம் மாறுகிறது. ஆனால் 3.5 டன்னுக்குக் கீழே, சிறிய மின்சாரக் காருக்கும் பெரிய டீசல் பிக்கப்புக்கும் ஒரே 76 டாலர். இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இது ஒன்றுதான். அங்கேயும் எடைவாரியாக இரண்டு மூன்று படிகள் வைக்கவேண்டும்.