கொட்டை உடைச்சாரா, புல்லு மென்னாரா?

வணக்கம் நேயர்களே. ஒரு நிமிஷம் நாக்கால உங்க கடைவாய்ப் பல்லைத் தடவிப் பாருங்க. மேடு பள்ளமா இருக்குல்ல, வயசாக ஆக அந்த மேடெல்லாம் தேஞ்சுக்கிட்டே போகும். எலும்பு முறிஞ்சா கூடிரும், தோல் கிழிஞ்சா ஆறிரும், ஆனா பல்லு மேல இருக்குற எனாமல் போனா போனதுதான், திரும்ப வளராது. அதனாலதான் நம்ம மூதாதைங்க என்ன மென்னாங்கங்கிற கணக்கு அவங்க பல்லுலயே பதிஞ்சு கெடக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு ஒருத்தர் இருக்காரு. 1959 ஜூலை 17, தான்சானியாவுல ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. ஆதி மனுஷங்களோட எலும்பைத் தேடுற ஆராய்ச்சியாளர் லூயிஸ் லீக்கி உடம்பு சரியில்லாம கேம்ப்ல படுத்திருக்காரு, அவரு மனைவி மேரி மட்டும் தேடப் போறாங்க, சரிவுல ஏதோ எலும்பு துருத்திக்கிட்டிருக்கேன்னு குனிஞ்சு மண்ணைத் தள்ளிப் பார்த்தா மேல்தாடையில ரெண்டு பெரிய பல்லு! கிட்டத்தட்ட 17.5 லட்சம் வருஷம் பழசு. இப்ப அந்த இனத்தை பரந்த்ரோபஸ் பாய்ஸின்னு சொல்றாங்க, நேரடி மூதாதை இல்ல, பக்கத்துக் கிளை. கடைவாய்ப் பல்லு நம்மளோடதை விட ரொம்பப் பெருசு, எனாமலும் தடிமன், மண்டை உச்சியில தாடைத் தசை பிடிக்க ஒரு எலும்பு வரப்பு வேற. இத்தனையும் பார்த்தா என்ன தோணும்? கொட்டை உடைக்கிறவருன்னு பட்டப்பேரு வச்சுட்டாங்க.

பல வருஷம் எல்லாரும் அப்படியே நம்புனாங்க. 2008ல அந்த இனத்துல ஏழு பேரோட கடைவாய்ப் பல்லை மைக்ரோஸ்கோப்புல பார்த்தாங்க. கெட்டியானதைக் கடிச்சா எனாமல்ல சின்னச் சின்னக் குழி விழும், ஆனா இங்க குழியையே காணோம், மெல்லிசா கீறல்தான். 2011ல எனாமல்ல இருக்குற கார்பனைச் சோதிச்சப்ப, சாப்பாட்டுல சராசரியா 77 சதவீதம் வெப்பப் பகுதிப் புல்லு, கோரை மாதிரி செடிங்கள்ல இருந்து வந்ததுன்னு தெரிஞ்சுது. அப்ப அந்தத் தாடை நாள் பூரா அரைச்சுக்கிட்டே இருக்குறதுக்கு!

நான் எங்க போனாலும் இதைத்தான் சொல்வேன், இன்னொரு தரம் சொல்றேன்: பல்லோட வடிவம் என்ன சாப்பிட முடியும்னு சொல்லும், என்ன சாப்பிட்டாங்கன்னு தேய்மானம்தான் சொல்லும். அதுலயும் கவனம் வேணும், ஏன்னா நுண்கீறல் எல்லாம் கடைசி சில நாள், சில வாரச் சாப்பாட்டைத்தான் காட்டும், புதுக் கீறல் விழ விழப் பழசு அழிஞ்சிரும். எப்பவோ பஞ்சத்துல கொட்டை கடிச்சிருந்தா அது நம்ம கண்ணுல படாமலே போயிருக்கலாம். சாப்பாட்டோட ஒட்டி வர்ற மண்ணும் கீறும்.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, நியாண்டர்தால்கள்னு நமக்கு நெருங்கின, அழிஞ்சுபோன ஒரு மனுஷ இனம், அவங்களைப் பத்தி நிறைய வச்சிருந்தேன், வேகமாச் சொல்லிடுறேன். அவங்க முன்பல்லு கடைவாய்ப் பல்லை விட அதிகமாத் தேஞ்சிருக்கும், பல்லை மூணாவது கை மாதிரி வச்சிருக்காங்க, தோலையோ இறைச்சியையோ பல்லால கவ்விக்கிட்டு கல்லுக் கத்தியால வெட்டுறப்ப கத்தி பல்லுல பட்டுக் கீறிருக்கு, அந்தக் கீறல் சாயுற பக்கத்தை வச்சு அவங்கள்ல பெரும்பாலானவங்க வலது கைப் பழக்கம்னே கண்டுபிடிச்சிருக்காங்க. நன்றி, வணக்கம்.