குடிகாரன் பேச்சும் ஒரு பெண்ணின் சம்மதமும்

(செங்கோட்டையில் நடந்த பெண்கள் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, தன் பள்ளிக்கூடத் திடலை மனம் உவந்து கொடுத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஜமாத் பெரியவர்களே, வழக்கறிஞர் சங்கத்து நண்பர்களே, மலையேறி இறங்கி கேரளத்து ஆரியங்காவிலிருந்து வந்திருக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளே, புளியரையிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருக்கும் சுயஉதவிக்குழுத் தாய்மார்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொன்ன தம்பியே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, போதையில் இருக்கிற பெண்ணின் சம்மதம். இரண்டு, குடிக்கிற பொருளில் மருந்து கலந்து செய்யும் கொடுமை. மூன்று, வெளியூர் விடுதிகளில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள்.

நான் முப்பத்து நான்கு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். 'குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு' என்பதை என் தொழிலில் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒருநாள் நாற்பது சென்ட் தென்னந்தோப்பை விற்க ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். வாங்குகிறவர் காலையிலிருந்தே அவருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பெரியவர் வேட்டி நுனியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் சாய்ந்தார். எதைக் கேட்டாலும் "சம்மதம், சம்மதம்" என்று தலையாட்டினார். எனக்கும் அவசரம், பத்திரம் தயார், கூலி வர வேண்டும். சார்பதிவாளர் மட்டும் பேனாவை எடுக்கவில்லை. "தோப்புக்கு நான்கெல்லை சொல்லும், வடக்கே யாரு?" என்றார். பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வடக்கே எங்கப்பா" என்றார். அவர் அப்பா இறந்து இருபது வருஷம். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆளனுப்பி மோர் வாங்கிக் கொடுத்தார். "நாளைக்குக் காலையில உம்ம வீட்டம்மாவோட வாரும்" என்று அனுப்பினார். வாங்க வந்தவர் குதித்தார்: "அவராத்தானே வந்தாரு? அவராத்தானே தலையாட்டினாரு?" மறுநாள் காலையில் பெரியவர் வந்தார், குளித்து, திருநீறு பூசி. "நான் எங்கவே விக்கச் சம்மதிச்சேன்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

குடித்து நிதானம் தப்பியவன், அந்த நிலை இருக்கும்வரை ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவன் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. நாற்பது சென்ட் தோப்புக்கு நூற்றைம்பது வருஷமாக இந்தக் காவல் இருக்கிறது. ஒரு பெண்ணின் உடம்பு என்று வந்தால் மட்டும் நாம் எல்லோரும் அந்தத் தோப்பு வாங்க வந்தவரைப் போலவே பேசுகிறோம். அவளாத்தானே போனா? அவளாத்தானே குடிச்சா? சிரிச்சுத்தானே பேசினா?

சட்டம் அப்படிப் பேசவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: போதையாலோ, யாரோ கொடுத்த மயக்கப் பொருளாலோ, என்ன நடக்கிறது, அதன் விளைவு என்ன என்று புரியாத நிலையில் ஒரு பெண் சொன்ன சம்மதம் சம்மதம் ஆகாது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் ஒப்புக்கொண்டாள் என்றும் ஆகாது. எதிர்ப்பைப் பற்றிய இந்த வாசகம் பழைய சட்டத்தின் 2013 திருத்தத்திலேயே வந்தது. ஆண்பிள்ளை வந்து "நான் போதையில செஞ்சுட்டேன்" என்றால்? தானாகக் குடித்தவனுக்கு அந்தச் சாக்குச் செல்லாது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. அவன் செய்த குற்றம் விடிந்தால் போகாது.

அடுத்து, மருந்து கலப்பது. மாத்திரை, பொடி என்றே நாம் பயப்படுகிறோம். ஒரு பெண்ணை நிலைகுலைய வைக்க உலகம் முழுக்க அதிகமாகப் பயன்படுவது மதுவேதான். அவளுக்குத் தெரியாமல் அளவைக் கூட்டி ஊற்றுவதும் அதே குற்றம்தான். குடித்த அளவுக்கு மீறிய கிறுகிறுப்பு, நடுவில் சில மணி நேரம் நினைவே இல்லாமை, இதெல்லாம் தெரிந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். முன்பின் தெரியாதவனோடு ஆட்டோவில் ஏற்றிவிடாதீர்கள்.

என் உறவில் ஒரு பிள்ளை. பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் வேலை. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த விருந்தில் ஒரே ஒரு கிளாஸ் கூல்டிரிங்க்ஸ் குடித்தாள். விடிந்தபோது எங்கே படுத்திருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பஸ் பிடித்து வீடு வந்தாள். அவள் அம்மா முதலில் செய்தது, பிள்ளையைக் குளிக்க வைத்தது. சுடிதாரை சோப்புத்தூளில் முக்கி, கும்மி, அலசிக் கொடியில் போட்டாள். நான் போனபோது அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாய்மேல் தப்பில்லை, அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தடயம் அழியாமல் இருக்கக் குளிக்கக் கூடாது, துணியைத் துவைக்கக் கூடாது, அதைக் காகிதப் பையில் வைக்க வேண்டும். சில மருந்துகள் சிறுநீரில் பன்னிரண்டு மணி நேரம்கூடத் தங்காது.

ஸ்டேஷனுக்குப் போனோம். "சம்பவம் அந்தப் பக்கம் நடந்திருக்கு, அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால், "பொண்ணு உங்க ஊர்ல இருக்கு, அங்கேயே கொடுங்க" என்றார்கள். எல்லையில் இருக்கும் கோட்டைவாசலை இரண்டு தடவை கடந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் சிறுநீர் எடுத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

செங்கோட்டை இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். நமக்குக் கல்யாணம், காய்கறிச் சந்தை, வேலை எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. புகாருக்கு மட்டும் எதற்கு எல்லை? குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். பாலியல் வன்முறைப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசம். ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது.

நான் நாலு வருஷமாகக் கேட்பது ஒரே ஒரு பலகை. புளியரைச் சோதனைச்சாவடியிலும் மலைக்கு அந்தப் பக்கமும், தமிழிலும் மலையாளத்திலும்: 'எந்தப் பக்கம் நடந்தாலும் இங்கே புகார் கொடுக்கலாம். பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.' அதோடு, எல்லையில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரியும் ஒரு பெண் டாக்டர். நகர்மன்றத் தலைவர் அவர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கைகூப்பிக் கேட்கிறேன்.

விடுதிப் பிள்ளைகளைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் மணி அடிக்கிறார். மனுத்தாள் பின்னால் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மை டப்பா பக்கத்தில் இருக்கிறது. குடித்துவிட்டு வந்தவர்கள் யாரும் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். நாளைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தாளோடு நான் இருப்பேன், வந்து படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.