பக்கின் மூக்கு எங்கே போனது?

போன கிழமை உப்புவெளியில் இருந்து ஒரு பிள்ளை கேட்டிருந்தார்: “சேர், எங்கள் வீட்டுத் தட்டை முகப் பக் நாய் அப்பாவை விடப் பெரிதாகக் குறட்டை விடுகிறது. ஆனால் ஒரு பழைய ஓவியத்தில் பக்குக்கு நல்ல மூக்கு இருக்கிறது. ஓவியர் பிழையாகக் கீறிவிட்டாரா?”

வாசித்தவுடன் எனக்குப் பெரிய புளுகம். ஓவியரில் பிழை இல்லை, பிள்ளை. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தன்னைத் தானே கீறியபோது தன் பக்கையும் சேர்த்துக் கீறினார். நாயின் பெயர் ட்ரம்ப். சிரிக்காதீர்கள், அப்போதே வைத்த பெயர். அதற்கு மூக்கென்று சொல்ல ஒரு மூக்கு இருக்கிறது.

நாய்தான் மாறிவிட்டது. எதைத் தெரிந்தெடுத்துப் பெருக்குகிறோமோ, அது கூடிக்கொண்டே போகும். தம்பலகாமத்து வயல்காரர் விதைநெல் எடுப்பதைப் பாருங்கள். மணியையும் பார்ப்பார், நோய் தாங்குமா என்றும் பார்ப்பார். நாயிலும் முன்பு பெரும்பாலும் வேலையைத்தான் பார்த்தார்கள். 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி, 1873இல் நாய் இனங்களைப் பதிகிற கென்னல் கிளப் என்ற சங்கம். இனத்துக்கு இனம் தோற்றம் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். தட்டை முகத்துக்குப் பரிசு என்றால் அடுத்த குட்டி இன்னும் தட்டை.

புல்டாக் காளையோடு மோதவிட்ட நாய். 1835இல் அந்த விளையாட்டைத் தடை செய்ததும் அதற்கு வேலை போய்விட்டது. இன்று தலை பெருத்து இடுப்பு ஒடுங்கி, பெரும்பாலும் சிசேரியனில்தான் குட்டி போடுகிறது.

என் அப்பப்பா பிரிட்டிஷ் கடற்படை இருந்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். அவரிடம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) நாயின் படம் இருந்தது. முதுகு மேசை மாதிரி நேர். இப்போது கண்காட்சிக்கு வளர்க்கிற சிலதைப் பாருங்கள், தவளை குந்தியிருக்கிற மாதிரி.

சரி, குறட்டை. முகத்து எலும்பு குறுகியது, உள்ளே இருக்கிற மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மெத்தென்ற சதை, அந்த அளவுக்குக் குறுகவில்லை. பத்தடி அறையில் பதினைந்தடிப் பாயை விரித்தால் மடியத்தானே செய்யும்? அந்த மடிப்புத்தான் மூச்சுப் பாதையில் தொங்கி அதிர்கிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே விட வேண்டும்; பாதை அடைபட்டால் அதுவும் கஷ்டம். போன ஆடியில், கச்சான் காற்று வீசிய ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுப் பக் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஈரச் சிமெந்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நாலு காலையும் பரப்பிக் கிடந்தது. மூக்கு மடிப்புக்குள் புளித்த தயிர் மணம். வீட்டுக்கார அம்மா அதைத் துணியால் துடைத்தபடி, “வடிவான முகம், என்ன?” என்றார்.

உங்கள் பக்கை வெயிலில் கொண்டு போகாதீர்கள். நாக்கு நீலம் பாரித்தால் உடனே மிருக வைத்தியரிடம் போங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற தெருநாயின் மூக்கு ஏன் குறுகவில்லை? அதற்கு நடுவர் வெயிலும் பசியும். மண்ணிறம், கூர் மூஞ்சி, சுருண்ட வால். நேற்றும் ஒன்று மீன் சந்தைப் பக்கம் சூரைத் தலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. வாய் நிறைய மீன், மூச்சு முழுக்க மூக்கால்.