முதல் பக்கத்தில் சிவப்பு மை

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. திருமங்கலத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவன். உடம்பின் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிற ஏ.எல்.எஸ். நோய் வந்த அண்ணனை நாலு வருஷம் கூட இருந்து பார்த்தேன் என்பதால் மதுரை வரை கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

நோயின் பெயர் தெரிந்த அன்றைக்கே மதினி என் கடையில் கணக்கு நோட்டு ஒன்று கேட்டு வாங்கினார். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, அப்புறம் என்ன ஆனது, எல்லாம் அதில்தான்.

ரிலுசோல் 50 மில்லிகிராம், காலையும் இரவும். நாங்கள் இட்லியோடு கொடுத்துக்கொண்டிருந்தோம். நோட்டைப் புரட்டிய டாக்டர்தான் கண்டுபிடித்தார்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, இல்லையென்றால் இரண்டு மணி நேரம் கழித்து. அது நோயை நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும். ஈரலைப் பாதிக்கலாம் என்று முதல் மூன்று மாதம் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை.

அப்புறம் விழுங்குவது. தண்ணீர்தான் புரையேறியது, தேங்காய் போடாத பருத்திப்பால் ஒழுங்காக இறங்கியது. மாத்திரையை நுணுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரைகிற வகையை நுணுக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உள்ளே போகும். நேரே வயிற்றுக்குள் உணவு கொடுக்கிற குழாயை 'சித்திரைத் திருவிழா முடியட்டும்' என்று தள்ளிப்போட்டோம். தப்பு. மூச்சுத் திறன் பாதிக்குக் கீழே போகுமுன் வைத்துவிட வேண்டும்.

ஒரு ராத்திரி சளி கட்டி மூச்சு திணறியது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்; பதற்றத்தில், முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவுகிற பைபாப் மெஷினும் நோட்டும் வீட்டிலேயே கிடந்தன. அங்கே ஆக்ஸிஜன் மட்டும் வைத்தார்கள். விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் 98 என்று காட்டியது, எங்களுக்கும் நிம்மதி. அண்ணனோ எழுப்பினாலும் எழவில்லை. இந்த நோயில் சோர்வது மூச்சை இழுக்கிற தசை. உள்ளே கரியமில வாயு தேங்கிவிடும். ஆக்ஸிஜன் அதை வெளியேற்றாது. என் மகன் பைக்கில் போய் மெஷினைக் கொண்டுவந்து, அதை மாட்டிய பிறகுதான் கண் திறந்தார். மறுநாள் மதினி முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார்: 'ஆக்ஸிஜன் மட்டும் வைக்காதீர்கள். பைபாப் கூடவே இருக்கிறது.'

குழாய், மெஷின், மூச்சுக்காகத் தொண்டையில் போடும் துளை எதையும் எங்களுக்குள் பேசி முடிக்கவில்லை. அண்ணனைத்தான் கேட்டோம். பேச்சு போன பிறகு எழுத்து அட்டையை நீட்டுவோம், கண்ணால் காட்டுவார். ஒரு வார்த்தைக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், ஆகட்டுமே. தொண்டையில் துளை வேண்டாம் என்றார். அதையும் தேதி போட்டு எழுதினோம்.

நோட்டு இதோ, கொண்டுவந்திருக்கிறேன். அந்தச் சிவப்பு மை வரி தவிர முதல் பத்துப் பக்கம் அண்ணன் கையெழுத்து. பதினோராம் பக்கத்திலிருந்து மதினியுடையது.