பஸ்காவைக் காத்தவர்கள்

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலையானதை நினைவுகூரும் பண்டிகைதான் பஸ்கா. அதற்கு அடிக்கிற ஆட்டுக்குட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். பைபிளில் யாத்திராகமம் 12-இல் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. வாசிக்கும்போது வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம். முதல் மாதம் 10-ஆம் தேதி குட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும். அடிப்பதோ 14-ஆம் தேதி சாயங்காலம். நடுவில் நாலு நாள். ஒரு வயதுக் கிடா, உடம்பில் ஒரு பழுதும் இருக்கக் கூடாது. அந்த நாலு நாளும் அதற்குத் தழை போட்டது யார்? பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், நாலு நாள் போதும், பிள்ளை அதற்கு ஒரு பெயர் வைத்துவிடும். அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, ‘இந்த ஆராதனை எதற்கு?’ என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்லுங்கள் என்று வருகிறது. கேட்காமல் இருப்பார்களா?

அங்கே ‘ஆராதனை’ என்று நாம் வாசிக்கிற சொல் எபிரெயத்தில் ‘அவோதா’. முதல் அதிகாரத்தில் எகிப்து ராஜாவான பார்வோனுக்குச் சாந்து குழைத்து, செங்கல் அறுத்த கொடும் வேலைக்கும் அதே சொல்தான். எஜமான் மாறிவிட்டார், சொல் மாறவில்லை. அதைக் ‘கைக்கொள்ளுங்கள்’ என்பதற்கு இருக்கிற சொல் ‘ஷமார்’. தோட்டத்தைக் காப்பதற்கும், ஆட்டைக் காப்பதற்கும் அதுவே. விடுதலையான அந்த இரவுக்கே காவல் இரவு என்றுதான் பெயர். அன்றைக்குக் கர்த்தர் கண்விழித்துக் காத்தார். அதனால் இஸ்ரவேலரும் தலைமுறைதோறும் அந்த இரவைக் காக்க வேண்டும். தமிழில் ‘காத்தல்’ என்று போட்டால் இரண்டும் அடங்கிவிடுகிறது. எனக்கு ‘அனுசரித்தல்’ என்பதைவிட இதுதான் பிடிக்கிறது.

சரி, காப்பது என்றால் ஓர் எழுத்தும் பிசகாமல் செய்வதா? பைபிளின் இன்னொரு புத்தகம், எண்ணாகமம் 9-க்குப் போவோம். எகிப்தை விட்டு வந்தபின் சீனாய் வனாந்தரத்தில் பஸ்கா. சிலர் பிரேதத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டிருந்தார்கள். சாவு விழுந்தால் யாராவது தூக்கத்தானே வேண்டும்? அவர்கள் ஒதுங்கி உட்காரவில்லை. நேரே தலைவரான மோசேயிடம் போய், எங்களை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். மோசேயும் சட்டம் பேசவில்லை. இருங்கள், கர்த்தர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வருகிறேன் என்றார். அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஆசரிக்கலாம் என்று பதில் வந்தது. தூரப் பயணம் போனவர்களுக்கும் அதே சலுகை. தீட்டும் இல்லாமல், பயணமும் போகாமல், சும்மா விட்டவனுக்குத்தான் கடுமையான தண்டனை: ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான்.

இந்த இரண்டாம் மாதத்தைப் பிடித்துக்கொண்டவர், பல தலைமுறை கழித்து எருசலேமில் யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா. ராஜாக்கள் புத்தகம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாளாகமம்தான் ஒரு முழு அதிகாரம் ஒதுக்குகிறது. தனியாகப் பிரிந்திருந்த வடநாடான இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. அங்கே மிச்சமிருந்தவர்களையும் எருசலேமுக்கு வாருங்கள் என்று எசேக்கியா ஆள் அனுப்பினார். ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோனவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், கேலி செய்தார்கள். ஆனாலும் ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரங்களில் சிலர் வந்தார்கள். முதல் மாதத்திலேயே நடத்தியிருக்கலாமே என்றால், போதுமான ஆசாரியர்கள் தங்களைச் சுத்திகரித்திருக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் குருக்கள் தயாராகவில்லை!

வந்தவர்களில் பலர் சுத்திகரித்துக்கொள்ளாமலே சாப்பிட்டுவிட்டார்கள். ‘எழுதியிராத பிரகாரமாக’ என்று நாளாகமமே ஒப்புக்கொள்கிறது, மறைக்கவில்லை. எசேக்கியா அவர்களை விரட்டவில்லை, அவர்களுக்காக ஜெபித்தார்: பரிசுத்த ஸ்தலத்தின் முறைப்படி சுத்தமாகாவிட்டாலும், தேவனைத் தேட மனதைத் திருப்பிய எல்லாருக்கும் மன்னியும். அடுத்த வசனத்தில், கர்த்தர் கேட்டு ஜனங்களைக் ‘குணமாக்கினார்’ என்று இருக்கிறது. முறை மீறியது அங்கே குற்றமாக அல்ல, ஆற வேண்டிய காயமாகப் பார்க்கப்படுகிறது. அப்புறம் ஏழு நாள் பண்டிகை முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. இன்னும் ஏழு நாள் நடத்தினார்கள்.

எசேக்கியாவுக்குப் பின் யூதாவை ஆண்ட யோசியா ராஜாவின் பஸ்கா இதற்கு நேர் எதிர். முதல் மாதம், சரியான தேதி, ராஜா கொடுத்தது மட்டும் 30,000 குட்டிகள், 3,000 காளைகள், எல்லாம் ஒழுங்கு. பஸ்கா ஆட்டைச் சுட வேண்டும், வேகவைக்கக் கூடாது என்கிறது யாத்திராகமம். உபாகமம் 16-இல் இருக்கிற எபிரெயச் சொல்லோ வேகவைப்பதற்கு உரியது. நாளாகமக்காரர் இரண்டையும் விடாமல், அந்தச் சொல்லையே எடுத்து ‘நெருப்பில்’ என்று சேர்த்து எழுதிவிட்டார். கெட்டிக்காரர்.

கடைசியாக ஒரு கடிதம். எகிப்தில், நைல் நதியில், எலிபன்டைன் என்று ஒரு தீவு. பாரசீகருக்காகக் காவல் காத்த யூதப் படைவீரர்கள் அங்கே குடும்பத்தோடு இருந்தார்கள். கி.மு. 419-இல் அனனியா என்பவர் அவர்களுக்கு அரமேயத்தில் எழுதிய பாப்பிரஸ் கிடைத்திருக்கிறது, ஓரமெல்லாம் கிழிந்துபோயிருக்கிறது. முதல் மாதமான நிசான் 15 முதல் 21 வரை புளிப்பில்லாத அப்பம், சுத்தமாயிருங்கள், வேலை செய்யாதீர்கள் என்கிறது. எகிப்தை விட்டு வந்த பண்டிகையை எகிப்திலேயே குடியிருந்துகொண்டு காக்கிறார்கள்! வீட்டில் புளித்த மாவே இருக்கக் கூடாது என்று யாத்திராகமம் சொல்கிறது. புளித்ததை உள்ளறையில் வைத்து முத்திரை போட்டுவிடுங்கள் என்று எழுதுகிறார் அனனியா.