இன்றிரவு ஆமை ஏறவில்லை

வணக்கம் நேயர்களே. நான் விஞ்ஞானி இல்லை. சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற ஆள். ஆனால் ஒரு வருடம் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் லிட்டில் அந்தமான் தீவின் மேற்குக் கரையில், கைபேசிக்கு சிக்னல் இல்லாத, கடை கண்ணி எதுவும் இல்லாத ஒரு ஆமை ஆய்வு முகாமில் தன்னார்வலராக இருந்தேன். அதைப் பற்றிப் பேசத்தான் வானொலியில் அழைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்த ஆமையைச் சொல்லிவிடுகிறேன். நம் மீனவர்கள் இதை ஏழுவரி ஆமை என்பார்கள். தோணி ஆமை என்றும் சொல்வதுண்டு. இரண்டுமே கண்ணால் பார்த்து வைத்த பெயர். முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்பு ஓடும், மொத்த உடம்பும் கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருக்கும். மற்ற கடலாமைகளுக்கு இருக்கிற கெட்டி ஓடு இதற்குக் கிடையாது, தொட்டால் தடித்த ரப்பர் போல இருக்கும். உலகத்தில் உள்ள ஆமைகளிலேயே பெரியது இதுதான். முதுகு மட்டும் ஒன்றரை மீட்டர், எடை 300, 400 கிலோ இருக்கும். இவ்வளவு பெரிய உடம்பை வளர்ப்பது பெரும்பாலும் சொறிமீனைத் தின்று என்றால் நம்ப முடிகிறதா? ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிப் போய்வரும். இந்தியாவில் இது முட்டையிட ஏறுகிற கடற்கரைகள் என்று பார்த்தால் அந்தமான் நிக்கோபார் தீவுகளில்தான் இருக்கின்றன.

முகாமுக்குப் போவதே ஒரு வேலை. போர்ட் பிளேர் வரை விமானம். இப்போது அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து கப்பலேறி, லிட்டில் அந்தமானின் துறைமுகமான ஹட் பே. ஹட் பேயிலிருந்து டுங்கி என்று அங்கே சொல்கிற சின்ன மரப்படகில், தீவைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போக வேண்டும். அங்கே படகுத்துறை கிடையாது. அலைக்கு வெளியே படகை நிறுத்திவிட்டு, அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, பேட்டரி எல்லாவற்றையும் மூடி போட்ட நீல பிளாஸ்டிக் டிரம்களில் அடைத்துக் கயிறு கட்டி, நெஞ்சளவுத் தண்ணீரில் நாமே இழுத்துக்கொண்டு கரையேற வேண்டும். நான் முதல் நாள் இரண்டு முறை உப்புத் தண்ணீர் குடித்தேன். என்னோடு வந்த கரேன் அண்ணன் தோளில் ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு சும்மா நடந்து போனார்.

கரேன் மக்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1925 வாக்கில் பர்மாவிலிருந்து கொண்டுவந்து நடு அந்தமானில் வெபி என்ற இடத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். காடும் கடலும் அவர்களுக்குக் கைவந்த வித்தை. தெற்கு அந்தமானில் வண்டூரில் ஒரு ஆய்வு நிலையம் இருக்கிறது, அதை 1990 வாக்கில் தொடங்கியது மகாபலிபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் நாமெல்லாம் குடும்பத்தோடு போய் முதலை பார்க்கிற அந்தப் பண்ணைதான். அன்றிலிருந்து அங்கே நடந்த ஆராய்ச்சி ஒவ்வொன்றிலும் கரேன் களப்பணியாளர்களின் உழைப்பு இருக்கிறது. தன்னார்வலர் இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார், ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். இவர்கள் மட்டும் பருவத்துக்குப் பருவம் வந்துகொண்டே இருப்பார்கள். எந்த ஓடையில் உப்புநீர் முதலை இருக்கிறது, எந்த நேரத்தில் அதைக் கடக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் நில் என்றால் நிற்க வேண்டும். அந்தப் பணிவு இல்லாதவர்கள் தயவுசெய்து இந்த மாதிரி இடங்களுக்குப் போக வேண்டாம்.

சரி, அங்கே என்ன வேலை? இரவு முழுக்க நடப்பது. கடற்கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அப்புறம் திரும்ப. ஆமை ஏறியிருந்தால் மணலில் டிராக்டர் போன மாதிரி அகலமான தடம் தெரியும். அது தெரியாத வரைக்கும் நடை, கொஞ்சம் உட்காருவது, மணல் ஈக் கடியைச் சொறியாமல் இருக்கப் பழகுவது, மறுபடி நடை. காலையில் ஒரு சுற்று போய், இரவில் தவறவிட்ட தடம் ஏதாவது உண்டா, நாயோ உடும்போ எந்தக் கூட்டையாவது தோண்டியிருக்கிறதா என்று பார்ப்பது. பகலில் தூக்கம், சமையல், விறகு.

ஆமை ஏறினாலும் உடனே கிட்டே போகக் கூடாது. அது இடம் பார்த்து, முன்துடுப்பால் மணலை வாரியிறைத்து, உடம்புக்கு ஒரு பள்ளம் செய்து, பிறகுதான் முட்டைக்குழி தோண்ட ஆரம்பிக்கும். நான் அதன் பின்னால் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். பின்துடுப்பு ஒன்று அகப்பை மாதிரி மடங்கிக் குழிக்குள் இறங்கும், ஒரு கை மணலை அள்ளும், மேலே கொண்டுவந்து பக்கத்தில் மெதுவாக வைக்கும். அடுத்த கணம் மற்றத் துடுப்பு தன் பக்கத்து மணலைத் தள்ளிவிட்டு உள்ளே இறங்கும். இப்படி மாற்றி மாற்றி, என் கை முழுதாக உள்ளே போகிற ஆழம் வரைக்கும். ஆமையால் திரும்பிப் பார்க்கவே முடியாது, எல்லாம் தடவித் தடவித்தான். நடு நடுவே ஒரு பெருமூச்சு. மாடு தண்ணீர் குடித்து முடித்து விடுகிற மூச்சு போல இருக்கும், இருட்டில் அதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

முட்டை விழ ஆரம்பித்த பிறகு அது அசையாது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நம் வேலை முழுவதையும் முடிக்க வேண்டும். முட்டை எண்ண ஒருவர், நீளமும் அகலமும் நாடாவால் அளக்க ஒருவர், எழுத ஒருவர். பின்துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை போடுவார்கள். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய, அடையாளத்துக்கான ஒரு மின்னணுச் சில்லைத் தோள்பட்டைத் தசைக்குள் ஊசியால் வைப்பதும் உண்டு. இதெல்லாம் அனுமதி பெற்ற, பயிற்சி உள்ளவர்கள் மட்டும் செய்கிற வேலை, ஏனென்றால் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இது மிகக் கூடுதல் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை விலங்கு. எனக்குக் கிடைத்தது நோட்டுப் புத்தகம். கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரிந்துதான் கொடுத்தார்களோ என்னவோ. ஆமையின் உச்சந்தலையில் ஒரு இளஞ்சிவப்புத் திட்டு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம், அதையும் பார்த்து வரைந்து வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அது என் தவறு. எங்கள் டார்ச்சுகளில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருப்போம், வெள்ளை வெளிச்சம் ஆமைக்கு ஆகாது. எட்டாவது இரவோ ஒன்பதாவது இரவோ என் டார்ச்சில் அந்தத் தாள் உரிந்து போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. தண்ணீர் விளிம்பில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது, பாறை என்று நினைத்துச் சட்டென்று டார்ச்சை அடித்துவிட்டேன். அது பாறை இல்லை. அப்போதுதான் பாதி உடம்பு கரையேறியிருந்த ஆமை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி வந்ததோ. அதே இரவு வேறு இடத்திலோ, மறுநாளோ அது மறுபடி ஏறியிருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும் என்றார்கள். முகாமில் யாரும் என்னைத் திட்டவில்லை. நோட்டில் எழுதச் சொன்னார்கள், நானே எழுதினேன்: ஏறியது, முட்டையிடவில்லை, காரணம் வெளிச்சம்.

அந்த வரி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஆனால் அதற்கு அப்புறம்தான் அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு என்று எனக்குப் புரிந்தது. பல இரவுகள் எதுவுமே ஏறாது. அன்றைக்கும் எழுத வேண்டும், நடந்த நேரம், காற்று, மழை, ஆமை இல்லை. ஒன்றும் வராத இரவை எழுதாமல் விட்டால், வந்த இரவின் எண்ணிக்கைக்கு அர்த்தம் கிடையாது. கடையில் வியாபாரமே இல்லாத நாளுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி போடுகிறோம் இல்லையா, அதே மாதிரி. இந்த ஆமை ஒரு பருவத்தில் பத்து நாளுக்கு ஒரு தடவை என்று பல முறை முட்டையிடும், ஆனால் அடுத்து அதே ஆமை வர இரண்டு மூன்று வருடம் ஆகும். ஆகவே ஒரு வருடம் குறைந்தது, ஒரு வருடம் கூடியது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து வருடம் விடாமல் யாராவது நடந்து எழுதினால்தான் இந்த இனம் பெருகுகிறதா, அழிகிறதா என்று சொல்ல முடியும். லிட்டில் அந்தமானில் 2008 முதல் தக்‌ஷிண் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனமும் இந்திய அறிவியல் நிறுவனமும் வண்டூர் நிலையமும் சேர்ந்து இதைச் செய்துவருகிறார்கள்.

ஏன் 2008? அதற்கு முன்னால் இந்த ஆமைகளுக்கு முக்கியமான இடம் பெரிய நிக்கோபாரில் கலத்தியா விரிகுடா. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கடற்கரையையே இல்லாமல் செய்தது, அதற்குப் பிறகுதான் லிட்டில் அந்தமானில் இந்தக் கணக்கு தொடங்கியது. அங்கே முகாமிட்டிருந்த ஆய்வாளர்கள் சிலரும் அன்று உயிரிழந்தார்கள். ஆமை எண்ணப் போன இடத்தில் போன உயிர்கள் அவை, இந்தப் பேச்சில் அவர்களை நினைக்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. பிறகு வருடங்கள் போக அங்கே மணல் மறுபடி சேர்ந்தது, ஆமைகளும் திரும்பி வந்தன. அதே கலத்தியாவில்தான் இப்போது பெரிய சரக்குத் துறைமுகம் கட்டத் திட்டம். 2021 ஜனவரியில் அந்த விரிகுடாவின் சரணாலய அந்தஸ்தை நீக்கினார்கள். அதே மாதத்தில் வெளியான கடலாமைகளுக்கான தேசியச் செயல்திட்டத்தில் அந்த இடம் முக்கியமான முட்டையிடும் கடற்கரைகளில் ஒன்றாக இருக்கிறது. எனக்கு இதில் கோபமும் வருத்தமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கோபத்தோடு பேசும்போது கையில் எண் வேண்டும். அந்த எண், இரவில் நடந்தவர்களின் நோட்டிலிருந்து மட்டுமே கிடைக்கும்.

2011 முதல் 2014 வரை லிட்டில் அந்தமானில் பத்து ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கம் போயின, சில ஆப்பிரிக்கா பக்கம் போயின. அதில் ஒன்று 266 நாளில் சுமார் 13,000 கிலோமீட்டர் நீந்தி மொசாம்பிக் கரையை எட்டியது. நம் தீவில் பிறக்கிற குஞ்சு எத்தனை நாட்டு வலைகளைத் தாண்டிப் பிழைக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரியும்.

இந்த வேலைக்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பை விட்டுவிட்டுக் கிண்டி பாம்புப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து கடலாமை தேடப் போனார். 1982இல் லட்சத்தீவின் சுஹேலி என்ற ஆளில்லாத தீவில், படகே போக முடியாத மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாக இருந்து பேராமைகளை, அதாவது பச்சை ஆமைகளைக் கணக்கெடுத்தார். மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கையில் ஒரு மீனவர் அதைக் கண்டெடுத்து அஞ்சலில் அனுப்பிவைத்தார், கடிதம் வீடு வந்து சேர்ந்தது. அவர் 2023இல் காலமானார். அந்தமான் நிக்கோபார் கரைகளை நடந்தே அளந்து அவர் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான் பின்னால் வந்தவர்கள் தொடங்கினார்கள்.

இப்போது போக நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன். தன்னார்வலர்களை ஆய்வுக்கு அழைத்துப் போகிற பயணங்களை உலகம் முழுக்க நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எர்த்வாட்ச் 1971 முதல் நடத்துகிறது, ஆபரேஷன் வாலேசியா 1995 முதல் இந்தோனேசியாவின் சுலவேசிப் பக்கத் தீவுகளில் ஆரம்பித்து வேறு நாடுகளுக்கும் போயிருக்கிறது. பணம் கட்டித்தான் சேர வேண்டும், அந்தப் பணத்தில்தான் ஆய்வும் நடக்கிறது, அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் யாரிடம் சேர்வதானாலும், நாங்கள் எழுதுகிற தகவல் எங்கே போகிறது, யார் அதைப் பயன்படுத்துகிறார்கள், நாங்கள் போன பிறகு மிச்ச மாதங்களில் அங்கே யார் இருக்கிறார்கள், உள்ளூர் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவர்களை விட்டுவிடுங்கள். குட்டி விலங்கைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க விடுகிற இடத்துக்கும் போகாதீர்கள்.

அப்புறம், முதலில் பக்கத்தில் பழகுங்கள். நான் அந்தமான் போவதற்கு முன் நாலு வருடம் சென்னைக் கடற்கரையில் நடந்தேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து, ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் இதே சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணியவர்களில் இந்த நடைக்காரர்களும் உண்டு. தூக்கம் கெடும், மறுநாள் அலுவலகத்தில் கண் சொருகும். அந்த நாலு வருடத்தில் நான் பழகிக்கொண்டது, ஒன்றும் வராத இரவிலும் முணுமுணுக்காமல் கடைசிவரை நடப்பது. லிட்டில் அந்தமானில் எனக்கு உதவியது அதுதான்.

சென்னையில் ஜனவரியிலிருந்து பருவம் ஆரம்பம், வார இறுதி இரவுகளில் இந்த மாணவர்கள் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தால் கால் வலிக்காது. குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் மட்டும் வேண்டாம். நன்றி, வணக்கம்.