கதைக்காத இடங்களைத் தள்ளிவிடாதீர்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச்பே கடற்கரையில் நின்று கதைக்கிறேன். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை வீட்டில் 'உதிரிப்பூக்கள்' படம் போட்டேன். அக்காவின் மகனும் வந்து பக்கத்தில் இருந்தான். உயர்தரம் படிக்கிற பெடியன், நல்ல ரசனை உள்ளவன். அரை மணி நேரம் போயிருக்கும், ரிமோட்டை எடுத்துப் பத்துப் பத்து வினாடியாகத் தள்ளத் தொடங்கினான். ஏனடா என்று கேட்டேன். "மாமா, இதில ஒருத்தரும் கதைக்கயில்லையே, அதுதான்" என்றான். அவன்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒரு கிழமையாக மனதைக் குடைகிறது.

ஏனென்றால், அந்தப் படமே அந்தக் கதைக்காத இடங்களில்தான் இருக்கிறது. 1979இல் மகேந்திரன் எடுத்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் இருந்து ஒரு விதையை எடுத்து, தன் வழியில் வளர்த்தார். முடிவில் ஊரே சேர்ந்து கதையில் வருகிற கெட்டவனை ஆற்றுக்குக் கூட்டி வருகிறது. உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, அதுதான் நான் செய்ததிலேயே பெரிய பாவம் என்ற பொருளில் சொல்லிவிட்டு அவன் தண்ணீரில் இறங்குகிறான். பிறகு அவனுடைய இரண்டு பிள்ளைகளும் ஆற்றங்கரையில் ஓடுகிறார்கள். அவ்வளவுதான். அந்த ஓட்டத்தைப் பத்து வினாடி தள்ளிவிட்டால் என்ன மிஞ்சும்? கெட்டவன் செத்தான் என்ற செய்தி மட்டும்தான் மிஞ்சும்.

இயக்குநர் பாலு மகேந்திராவும் இப்படித்தான். எங்கள் கிழக்கு மண், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். அவருடைய 'வீடு' 1988இல் வந்தது. அதில் பாட்டே கிடையாது. சொக்கலிங்க பாகவதர், அந்தக் கிழவர், பாதி கட்டின வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்ப்பார். பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி. பார்க்காதவர்களுக்காக அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல மாட்டேன். படத்தின் பின்னணியில் வருவது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் அவர் தனியாக வெளியிட்ட இசைத் தொகுப்பு அது, அதைத்தான் படத்துக்கு எடுத்திருக்கிறார்கள். படத்துக்கென்று எழுதாத இசை இவ்வளவு பொருந்தியதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

சரி, இப்போது எனக்குப் பின்னால் தெரிகிற கோணேசர் மலையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்கள் அந்த மலையடியில் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் அங்கே சுழியோடி அவற்றைப் பார்த்தவர்களில் ஒருவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். பிறகு ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எழுதினாரே, அவரேதான். படம் வந்தது 1968இல். அதில் வருகிற கறுத்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடலடித் தூண்கள்தான் ஞாபகம் வரும். அது என் மனம் போடுகிற முடிச்சு. கதையின் விதை 1948இல் அவர் எழுதிய ஒரு சிறுகதையிலேயே இருக்கிறது. ஆனாலும் திருகோணமலையில் பிறந்த ஒருவனுக்கு அந்த முடிச்சை அவிழ்க்க மனம் வராது.

அந்தப் படத்தில் முதல் வசனம் வர ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். கடைசிப் பகுதியிலும் பேச்சே இல்லை. பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ரசிகர்களுக்குத் தெரியும், அந்தக் கடைசிப் பகுதியின் சத்தத்தை நிறுத்திவிட்டு 'எக்கோஸ்' என்ற பாட்டை ஓடவிட்டால் இரண்டும் ஒட்டிப் போகும் என்று ஒரு கதை இருக்கிறது. நானும் செய்து பார்த்தேன். ஓம், சில இடங்களில் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் இரண்டாம் முறை செய்ய மாட்டேன். குப்ரிக், அந்தப் படத்துக்கென்றே இன்னொருவர் எழுதிக் கொடுத்த இசையையே ஒதுக்கிவிட்டு, இசையமைப்பாளர் லிகெட்டியின் அந்த முணுமுணுக்கும் குரல்களைத் தேர்ந்தெடுத்தவர். அதை மூடிவிட்டு இன்னொன்றைப் போடுவது படத்துக்கும் அநியாயம், பாட்டுக்கும் அநியாயம்.

'எக்கோஸ்' தனியாகக் கேட்க வேண்டியது. 1971இல் வந்த 'மெடில்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டுத்தான், 23 நிமிடத்துக்கு மேல். பியானோவின் ஒற்றைச் சுரம், தண்ணீருக்கு அடியில் இருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி, திரும்பத் திரும்ப விழும். முதல் வரிகளிலேயே அலைகளுக்கு அடியில் இருக்கிற பவளக் குகைகள் வந்துவிடும். நிலாவெளிக்கு அப்பால் புறாமலைத் தீவில் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வரி வேறு மாதிரிக் கேட்கும். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

பிங்க் ஃபிளாய்ட் என்றால் பலரும் முதலில் சொல்வது 1973இல் வந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்'. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. முதல் பாட்டில் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்கு நடுவில் கிற்றாரில் நாலே நாலு சுரம் வந்து விழும். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட், மனம் குலைந்து விலகிப் போன நண்பன். அவரை நினைத்துச் செய்த இசைத்தட்டு அது. வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அவரே ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார். தலையையும் புருவத்தையும் மழித்து, உடம்பு பெருத்து. கூட வாசித்தவர்களுக்கே முதலில் ஆளைத் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த எட்டு நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு இடம். மூன்றாவது பாட்டு முடியும்போது முழுச் சத்தமும் திடீரென்று சுருங்கி, சின்ன ரேடியோவில் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். பிறகு நிலையம் மாற்றுகிற சத்தம், யாரோ கதைக்கிற துண்டு, ரஷ்ய இசையமைப்பாளர் சைகொவ்ஸ்கியின் இசையில் ஒரு கீற்று. அதற்குப் பிறகு ரேடியோவுக்குள் ஒரு கிற்றார் கேட்கும், கூடவே அறைக்குள் ஒருவர் இருமிவிட்டுத் தன் கிற்றாரைச் சேர்த்து வாசிப்பார். எங்கள் அப்பா இரவில் லாந்தர் வெளிச்சத்தில் ரேடியோ முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். இரைச்சல் விலகி ஒரு குரல் தெளிந்து வந்ததும் கையை அப்படியே நிறுத்தி, மூச்சையும் பிடித்துக்கொள்வார். நாங்களும் பிடித்துக்கொள்வோம். பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் இந்த இடம் இரண்டு துண்டாகிவிடும்.

மருமகன் இன்றைக்கு இரவு வருகிறான். 'உதிரிப்பூக்கள்' விட்ட இடத்தில் இருந்து அல்ல, முதலில் இருந்து போடப்போகிறேன். ரிமோட் அக்காவின் கையில் இருக்கும். அவன் என்ன சொன்னான் என்று அடுத்த கிழமை வந்து சொல்கிறேன்.